ரத்தம் எடுக்காமலே குரங்கின் 'டென்ஷனை' அளக்க முடியுமா? கிரிவலப் பாதைக் குரங்குகளை வைத்து ஒரு விளக்கம்

திருவண்ணாமலைக்கு கிரிவலம் போய்விட்டு வந்தவர்களிடம் குரங்குகளைப் பற்றிக் கேட்டால் இரண்டு விதமான பதில்தான் வரும். "பாவம், பசியில கிடக்குது, ரெண்டு பழம் கொடுத்துட்டு வந்தேன்" என்பது ஒன்று. "பையைப் பிடுங்கிட்டு ஓடிடுச்சு, தின்னு தின்னு கொழுத்துப்போய் கிடக்குது" என்பது இன்னொன்று.

இரண்டுமே கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்வது. பழம் வாங்கித் தின்கிற குரங்கு நிம்மதியாக இருக்கிறதா, இல்லை மனிதக் கூட்டத்துக்கு நடுவில் நாள் முழுக்க பதற்றத்திலேயே இருக்கிறதா என்பது அதன் முகத்தைப் பார்த்தால் தெரியாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளிடம் ஒரு வழி இருக்கிறது. ஊசி வேண்டாம், கூண்டு வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம். குரங்கு போட்டுவிட்டுப் போகிற மலம் போதும்.

கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் காட்டு விலங்குகளின் உடல்நிலையை அறிவதில் கடந்த 40 ஆண்டுகளில் நடந்த பெரிய மாற்றங்களில் இதுவும் ஒன்று. புலி, யானை, கொரில்லா, திமிங்கலம் வரைக்கும் இந்த முறை போய்விட்டது.

எந்தக் குரங்கைப் பற்றிப் பேசுகிறோம்?

அண்ணாமலையார் மலையிலும், 14 கி.மீ. கிரிவலப் பாதையிலும், விருபாக்ஷ குகை, ஸ்கந்தாசிரமம் போகிற வழியிலும் நாம் பார்ப்பது நாட்டுக் குரங்கு. தலை முடி நடுவிலிருந்து பிரிந்து குல்லா வைத்ததுபோல் இருப்பதால் குல்லாய்க் குரங்கு என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் எந்த மலைக்கோயிலுக்குப் போனாலும் இதுதான் கண்ணில் படும் என்பதால், உலகம் முழுக்க இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. இந்தியாவின் தெற்குப் பகுதியைத் தாண்டினால் இந்த இனம் இயற்கையாக வேறெங்குமே கிடையாது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். இதை இப்போது 'அழிவுக்கு ஆளாகக்கூடியது' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. அதற்கு முன்பு, கவலைப்பட வேண்டாத இனங்களின் பட்டியலில் இருந்தது.

கார்டிசால் என்ன செய்கிறது?

நாய் துரத்தினால் என்ன ஆகும்? மூளையின் அடியில் இருக்கிற ஹைப்போதலாமஸ், பக்கத்திலிருக்கிற பிட்யூட்டரி சுரப்பிக்குத் தகவல் அனுப்பும். பிட்யூட்டரி ரத்தத்தில் இன்னொரு ஹார்மோனை விடும். அது சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பிக்குப் போய்ச் சேரும். அட்ரினல் கார்டிசாலைச் சுரக்கும். மனிதனுக்கும் குரங்குக்கும் இந்த ஏற்பாடு ஒன்றேதான்.

கார்டிசால் வில்லன் இல்லை. ஓட வேண்டிய நேரத்தில் உடம்பில் சேமித்து வைத்த சக்தியை எடுத்துக் கொடுப்பது இதுதான். காலையில் நம்மை எழுப்பிவிடுவதிலும் இதற்குப் பங்கு உண்டு. நாய் போன பிறகு அளவு தானாக இறங்கிவிடும். இறங்காமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மேலேயே நின்றால்தான் பிரச்சினை. நோய் எதிர்ப்பு சக்தி குறையும், இனப்பெருக்கம் பாதிக்கும், குட்டிகளின் வளர்ச்சி தடைபடும். ஒரு குரங்குக் கூட்டம் மெல்ல மெல்லச் சரிவதற்கான அறிகுறியை, குரங்குகள் சாக ஆரம்பிக்கும் முன்பே ஹார்மோனில் பார்த்துவிட முடியும் என்பதால்தான் விஞ்ஞானிகளுக்கு இதில் இவ்வளவு அக்கறை.

அப்படியானால் ரத்தம் எடுத்துப் பார்த்தால் என்ன?

இங்கேதான் சிக்கல். ரத்தம் எடுக்க குரங்கைப் பிடிக்க வேண்டும். பிடித்த இரண்டு, மூன்று நிமிடத்திலேயே ரத்தத்தில் கார்டிசால் ஏறத் தொடங்கிவிடும். அப்புறம் நீங்கள் அளப்பது கிரிவலக் கூட்டத்தால் வந்த பதற்றத்தை அல்ல. உங்களால் வந்த பதற்றத்தை.

அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் சபோல்ஸ்கி 1970-களின் இறுதியிலிருந்து கென்யாவில் பபூன் குரங்குகளை வைத்து ஆராய்ச்சி செய்தவர். அவர் ஊதுகுழலில் மயக்க ஊசி வைத்து, பபூன் பார்க்காத நேரமாகப் பார்த்து ஊதுவார். தினமும் ஒரே நேரத்தில்தான் ஊத வேண்டும். அன்றைக்கு சண்டை போட்ட குரங்கு, நோய்வாய்ப்பட்ட குரங்கு என்றால் விட்டுவிட வேண்டும். மயங்கியவுடன் ஓடிப்போய் வேகமாக ரத்தம் எடுக்க வேண்டும். அப்படியும் அவரால் பெரிய உண்மைகளைக் கண்டுபிடிக்க முடிந்தது. கூட்டத்தில் அந்தஸ்து நிலையாக இருக்கும் காலத்தில், கீழ்நிலையில் இருக்கிற ஆண் பபூன்களுக்கு சும்மா இருக்கும்போதே கார்டிசால் அதிகம் என்பது அதில் ஒன்று.

ஆனால் பக்தர்கள் போய்வரும் பாதையில் ஊதுகுழலோடு நின்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ரத்தத்தில் இன்னொரு குறையும் உண்டு. அது அந்த ஒரு நிமிடத்தை மட்டும்தான் சொல்லும்.

மலத்துக்குள் கார்டிசால் எப்படி வந்தது?

ரத்தத்தில் சுற்றி முடித்த கார்டிசாலை கல்லீரல் உடைக்கிறது. உடைந்த துண்டுகளில் பெரும்பகுதி சிறுநீரில் போகிறது. மீதி பித்தநீரோடு குடலுக்கு வந்து மலத்தில் சேர்கிறது. அங்கே குடல் பாக்டீரியாக்கள் அதை மேலும் மாற்றுகின்றன. அதனால் மலத்தில் கார்டிசாலை கார்டிசாலாகவே தேடினால் கிட்டத்தட்ட ஒன்றும் கிடைக்காது. அதன் சிதைவுப் பொருட்களைத்தான் தேட வேண்டும்.

சிறுநீரில் இந்தத் துண்டுகள் சில மணி நேரத்தில் வந்துவிடும். மலத்தில் வர, மக்காக் வகைக் குரங்குகளில் சுமார் ஒன்றிலிருந்து இரண்டு நாள் ஆகும். இது குறை மாதிரித் தெரிந்தாலும் உண்மையில் வசதி. பல மணி நேரத்துச் சுரப்பு எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டுத்தொகையாக வெளியே வருகிறது. ஒரு நொடி பயந்ததெல்லாம் அதில் கரைந்துவிடும். நாள் முழுக்க இருந்த நிலைதான் தெரியும். ரத்தம் ஒரு போட்டோ என்றால், மலம் ஒரு நாள் சிசிடிவி பதிவின் சராசரி.

எச்சிலிலும் கார்டிசால் இருக்கும். சுவை தடவிய கயிற்றைக் கடிக்கக் கொடுத்து, அதைத் திரும்ப வாங்கிப் பிழிவார்கள். திரும்ப வாங்குவதுதான் கஷ்டம். ஆப்பிரிக்கக் காடுகளில் சிம்பன்ஸிகளின் சிறுநீரை இலை மேலிருந்து பிப்பெட்டால் உறிஞ்சியும், மரத்தடியில் கவட்டைக் கம்பில் பிளாஸ்டிக் பையைக் கட்டிப் பிடித்தும் சேகரிக்கிறார்கள். மேலே பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம்!

கிரிவலப் பாதையில் செய்வதென்றால்?

இந்த ஆய்வை அண்ணாமலையார் மலையைச் சுற்றிச் செய்வதாக வைத்துக்கொண்டு பார்ப்போம். இதற்கு இதைவிட நல்ல இடம் அமைவது அபூர்வம். காரணம் பௌர்ணமி. மாதத்தில் ஒரு முறை லட்சக்கணக்கில் கூட்டம். மற்ற நாட்களில் பாதை ஒப்பீட்டளவில் அமைதி. கார்த்திகை தீபத்துக்கு 10 நாள் திருவிழா. எப்போது கூட்டம் வரும், எப்போது வராது என்பது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. அதே குரங்குகள், அதே இடம், மாறுவது கூட்டம் மட்டும். ஆராய்ச்சியாளர்கள் செயற்கையாக ஏற்பாடு செய்ய நினைக்கிற சோதனையை இங்கே நிலாவே மாதா மாதம் செய்துகொண்டிருக்கிறது.

குரங்கு பகலில் நடமாடும் விலங்கு. இருட்டினால் மரத்திலோ பாறையிலோ ஒதுங்கித் தூங்கும். கிரிவலக் கூட்டமோ விடிய விடிய நடக்கும். பௌர்ணமி இரவின் வெளிச்சமும் சத்தமும் அதன் தூக்கத்தைக் கெடுத்ததா என்பது அடுத்த ஒன்றிரண்டு நாள் மலத்தில்தான் தெரியும். அதனால் பௌர்ணமியன்றே போய்ச் சேகரித்தால் பௌர்ணமிக்கு முந்தைய நாளின் கணக்குதான் கிடைக்கும். பௌர்ணமிக்கு சில நாள் முன்பு, ஒன்றிரண்டு நாள் பின்பு, அமாவாசையை ஒட்டி என்று மூன்று முறை எடுத்து ஒப்பிட வேண்டும்.

முதல் வேலை சேகரிப்பது இல்லை. ஒவ்வொரு குரங்கையும் அடையாளம் தெரிந்துகொள்வது. காதில் கிழிசல், முகத்தில் தழும்பு, வால் நுனி, மந்தியின் மடியில் இருக்கிற குட்டி என்று பார்த்துப் பழக வேண்டும். இதற்கே மாதங்கள் ஆகும். இந்த மலையில் அப்படிப் பழகியவர்கள் முன்பும் உண்டு. ரமண மகரிஷி விருபாக்ஷ குகையில் இருந்த காலத்தில், கடிபட்டு வந்த ஒரு குரங்கைத் தேற்றி வளர்த்ததையும், அதற்கு 'நொண்டி' என்று பெயர் வந்ததையும் ஆசிரமத்துப் புத்தகங்கள் சொல்கின்றன. எந்தக் குரங்கு யார் மகன், யாருக்கும் யாருக்கும் சண்டை என்று தெரிந்து வைத்திருப்பது பக்தியோ ஆராய்ச்சியோ, இரண்டுக்கும் ஒரே பொறுமை வேண்டும்.

அடையாளம் தெரிந்த பிறகு பின்னாலேயே நடக்க வேண்டும். குரங்கு மலம் கழிப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அது யாருடையது என்று சொல்ல முடியும். அது நகர்ந்த பிறகு, கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். சிறுநீர் கலந்திருந்தால் தள்ளிவிட வேண்டும்; சிறுநீரில் ஹார்மோன் அதிகம், கணக்கு தப்பிவிடும். ஒரு குச்சியால் நன்றாகக் கலந்து, கொஞ்சமாக எடுத்து சின்ன டியூபில் போட்டு, குரங்கின் பெயர், தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

அடுத்தது நேரத்தோடு போட்டி. மலத்தில் இருக்கிற பாக்டீரியா வெளியே வந்த பிறகும் வேலையை நிறுத்தாது. ஹார்மோன் துண்டுகளைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருக்கும். திருவண்ணாமலை வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் அளவே மாறிப்போகும். எனவே ஐஸ் பெட்டி, அங்கிருந்து மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர். ஃப்ரீசர் இல்லாத காடுகளில் ஆல்கஹாலில் போட்டு அங்கேயே ஹார்மோனைப் பிரித்தெடுத்துக்கொள்வதும் உண்டு.

லேபில் என்ன நடக்கிறது?

மலத்தை உறைநிலையில் வைத்தே உலர்த்துவார்கள். ஏன் உலர்த்த வேண்டும்? தர்பூசணி தின்ற குரங்கின் மலத்தில் தண்ணீர் அதிகம், பொரி தின்றதில் குறைவு. ஈரத்தோடு எடை போட்டால் ஒப்பிடவே முடியாது. காய்ந்ததைப் பொடித்து, சலித்து, நார், விதை எல்லாம் நீக்கி, குறிப்பிட்ட எடையை ஆல்கஹாலில் கலந்து குலுக்குவார்கள். ஹார்மோன் துண்டுகள் ஆல்கஹாலுக்கு வந்துவிடும். சக்கை அடியில் தங்கிவிடும்.

பிறகு, கொரோனா காலத்தில் பலரும் கேள்விப்பட்ட எலைசா வகைச் சோதனை. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் கார்டிசால் துண்டைப் பிடிக்கிற ஆன்டிபாடி ஒட்டவைக்கப்பட்டிருக்கும். குரங்கின் மலச்சாறும், நிறம் தரும் குறியிட்ட ஹார்மோனும் சேர்த்து ஊற்றப்படும். இரண்டும் இடத்துக்குப் போட்டி போடும். பஸ்ஸில் சீட் பிடிக்கிற கதைதான். குரங்கின் ஹார்மோன் நிறைய இருந்தால் சீட் எல்லாம் அதற்குப் போய்விடும், நிறம் தருகிறவற்றுக்கு இடம் இருக்காது. ஆக, நிறம் மங்கினால் ஹார்மோன் அதிகம். மெஷின் அந்த நிறத்தைப் படித்து, ஒரு கிராம் காய்ந்த மலத்தில் எத்தனை நானோகிராம் என்று சொல்லிவிடும்.

எந்த ஆன்டிபாடி எந்த விலங்குக்குப் பொருந்தும் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். புலிக்கு வேலை செய்தது குரங்குக்குச் செய்யாமல் போகலாம். உயிரியல் பூங்காவிலோ சிகிச்சைக்காகவோ ஒரு குரங்கை எப்படியும் பிடித்து இடம் மாற்றுகிறார்கள் என்றால், அதற்கு முன்னும் பின்னும் அதன் மலத்தை எடுத்துப் பார்ப்பார்கள். பிடிபட்ட ஒன்றிரண்டு நாளில் அளவு துள்ளிக் குதித்தால் சோதனை சரி. குதிக்காவிட்டால் அந்த ஆன்டிபாடி அந்த விலங்குக்கு உதவாது. இந்தப் படியைத் தாண்டாமல் வரும் எந்த எண்ணையும் நம்பக் கூடாது என்பதில் இந்தத் துறையினர் கறாராக இருக்கிறார்கள்.

இந்தியாவில் யார் செய்கிறார்கள்?

ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் கீழ் இயங்கும் 'லக்கோன்ஸ்' என்ற ஆய்வகம் இதில் முக்கியமானது. அழியும் நிலையிலுள்ள விலங்குகளுக்காகவே அமைக்கப்பட்ட இந்த ஆய்வகத்தை 2007-ல் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இங்குள்ள கோவிந்தசாமி உமாபதியின் குழு, மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர், கன்ஹா காடுகளில் புலிகளின் மலத்தைச் சேகரித்து 2019-ல் ஒரு முடிவை வெளியிட்டது. சுற்றுலா வண்டிகள் வரும் மாதங்களில் புலிகளின் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் அதிகம், காடு மூடப்பட்ட மாதங்களில் குறைவு என்பதே அது.

தமிழ்நாட்டுக் குரங்குகளுக்கும் இந்தக் குழு புதிதல்ல. ஆனைமலையில் துண்டு துண்டாகிப் போன சோலைகளில் வாழும் சிங்கவால் குரங்குகளின் மலத்தை ஆராய்ந்து, மனித நடமாட்டம் உள்ள இடத்தில் அவற்றின் குடலில் ஒட்டுண்ணிகள் அதிகம் என்று 2013-ல் காட்டினார்கள். ஹார்மோனுக்கு எடுக்கிற அதே மலத்திலேயே புழு, டி.என்.ஏ., என்ன சாப்பிட்டது என்பதெல்லாம் பார்க்கலாம். ஒரு டியூபில் இவ்வளவு தகவல்.

சாப்பாடு கிடைத்தால் டென்ஷன் குறையுமா?

திருவண்ணாமலைக்கு இதுதான் முக்கியமான கேள்வி. பழம் கொடுப்பது புண்ணியமா, பாவமா என்ற சண்டையும் இங்கேதான் முட்டி நிற்கிறது. மற்ற இடங்களில் கிடைத்த முடிவுகளைப் பார்த்தால், இரண்டு தரப்புக்கும் கொஞ்சம் ஆதாரம் கிடைக்கிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார் குழு யானைகளின் லத்தியில் இதே சோதனையைச் செய்தது. கோடையில் எலும்பு தெரிய மெலிந்த யானைகளுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் அதிகம் என்று 2017-ல் தெரியவந்தது. அது எதிர்பார்த்ததுதான். 2019-ல் வந்த முடிவு எதிர்பாராதது. விவசாயிகளின் வயலில் புகுந்து பயிரைத் தின்னும் யானைகளுக்கு, காட்டுக்குள்ளேயே இருக்கும் யானைகளைவிட ஸ்ட்ரெஸ் ஹார்மோன் குறைவு. பட்டாசு, விரட்டல் எல்லாம் இருந்தும்! நல்ல சத்துள்ள தீனி கிடைப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். "அதான் சொன்னேன், சாப்பாடு போட்டால் சந்தோஷமாத்தான் இருக்கும்" என்று பழம் கொடுப்பவர்கள் சொல்லலாம்.

அவசரம் வேண்டாம். மொராக்கோவின் மலைக்காடுகளில் பார்பரி மக்காக் என்ற குரங்கு இருக்கிறது. நம் நாட்டுக் குரங்குக்கு உறவு, வால் கிடையாது. அங்கேயும் சுற்றுலாப் பயணிகள் வந்து வேர்க்கடலை, ரொட்டி கொடுத்து செல்ஃபி எடுப்பார்கள். 2011-ல் வெளியான ஆய்வு, ஆண் குரங்குகளின் நடத்தையையும் மலத்தையும் சேர்த்துப் பார்த்தது. மனிதர்கள் நெருங்கும்போது, உணவு கொடுக்கிற நேரம் உட்பட, குரங்குகள் பதற்றத்தின் அடையாளமாகத் தங்களைத் தாங்களே சொறிந்துகொள்வது கூடியது. ஸ்ட்ரெஸ் ஹார்மோனோ குறிப்பாக மனிதர்களோடு முறைப்பு, விரட்டல், மிரட்டல் நடப்பதோடு சேர்ந்து ஏறியது. அதாவது கூட்டம் வருவதைவிட, கூட்டம் எப்படி நடந்துகொள்கிறது என்பது உடம்பில் பதிவாகிறது. குச்சியை ஓங்குவது, பழத்தைக் காட்டிவிட்டு மறைப்பது, குட்டியோடு இருக்கிற மந்தியைச் சுற்றி நின்று வீடியோ எடுப்பது எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

மூன்றாவது ஆய்வு நம் குரங்கைப் பற்றியதே. நடந்த இடம்தான் நியூயார்க்கின் புரூக்ளின். அங்கே லியோனார்ட் ரோசன்பிளம் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகளாகத் தென்னிந்தியக் குல்லாய்க் குரங்குகளை வளர்த்து ஆராய்ந்தார். குட்டியோடு இருக்கும் தாய்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உணவு எப்போதும் எளிதாகக் கிடைக்கும். இரண்டாவது குழு எப்போதும் தோண்டித் தேட வேண்டும். மூன்றாவது குழுவுக்கு இரண்டு வாரம் எளிது, இரண்டு வாரம் கஷ்டம் என்று மாறி மாறி வரும். யாரும் பட்டினி கிடக்கவில்லை. குட்டிகள் வளர்ந்த பிறகு சோதித்து 1996-ல் முடிவு வெளியிட்டார்கள். எப்போதும் கஷ்டப்பட்ட தாய்களின் குட்டிகள் சமாளித்துவிட்டன. மாறி மாறி அனுபவித்த தாய்களின் குட்டிகளுக்குத்தான், ஹைப்போதலாமஸ் சுரக்கிற முதல் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் பெரியவர்களான பிறகும் உயர்ந்தே இருந்தது. அந்தச் சோதனைக்கு ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீரை எடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அது மலச் சோதனை இல்லை.

இப்போது கிரிவலப் பாதையை நினைத்துப் பாருங்கள். பௌர்ணமிக்கு வாழைப்பழம், பிஸ்கட், அன்னதான இலை என்று மலைபோல் குவியும். அடுத்த வாரம் பாதையில் ஆள் குறைவு. மறுபடியும் பௌர்ணமி. புரூக்ளின் கூண்டில் மனிதர்கள் ஏற்படுத்திய ஏற்ற இறக்கத்தை நாம் மாதா மாதம் ஏற்படுத்துகிறோமா? எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட, எப்போது வரும் என்று தாய்க் குரங்குக்குத் தெரியாமல் போவதுதான் பிரச்சினையா? மலையில் அத்தி, ஆல், கொழுந்து என்று தேடித் தின்னும் கூட்டத்தையும், பாதையோரக் கூட்டத்தையும் எடுத்து இரண்டின் மலத்தையும் ஒரு வருடம் ஒப்பிட்டால் இதற்கு விடை கிடைக்கும்.

பசியா, பயமா? எப்படிப் பிரிப்பது?

கார்டிசால் ஏறினால் உடனே "மனிதத் தொல்லை" என்று எழுதிவிட முடியாது. பட்டினி கிடந்தாலும் ஏறும். நிறைமாத மந்திக்குத் தானாகவே ஏறும். குளிர், நோய், புதுக் கடுவன் கூட்டத்துக்குள் நுழைந்து தலைமைக்குச் சண்டை போடுவது எல்லாமே காரணம். போட்ஸ்வானாவில் பபூன்களைத் தொடர்ந்த குழுவினர், நெருங்கிய உறவைச் சிறுத்தைக்கோ சிங்கத்துக்கோ இழந்த பெண் பபூன்களுக்கு அடுத்த ஒரு மாதம் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் உயர்ந்திருந்ததைக் கண்டார்கள். அந்தக் காலத்தில் அவை புதிய துணைகளைத் தேடிப்போய் முடி கோதிப் பழகின. அந்த நேரத்தில் யாராவது சுற்றுலாப் பயணிகளை எண்ணிக் கொண்டிருந்தால் பழி அவர்கள் மேல் விழுந்திருக்கும்.

இதற்கு ஒரு நல்ல வழியை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் வாசர் குழு காட்டியது. மலத்தில் தைராய்டு ஹார்மோனையும் சேர்த்து அளப்பது. பசியில் உடம்பு சக்தியை மிச்சம் பிடிக்கும், அப்போது தைராய்டு ஹார்மோன் இறங்கும். வெறும் பயத்துக்கு அது அப்படி இறங்காது. வாஷிங்டன் கடலோரத்து கொலைகாரத் திமிங்கலங்கள் படகுத் தொல்லையால் கஷ்டப்படுகின்றனவா, மீன் பஞ்சத்தாலா என்ற சண்டைக்கு 2012-ல் இதை வைத்துத்தான் விடை சொன்னார்கள்: மீன் பஞ்சம்தான் பெரிய காரணம். கடலில் மிதக்கும் திமிங்கல மலத்தை மோப்பம் பிடித்துக் காட்டியது டக்கர் என்ற நாய். அதற்குத் தண்ணீர் என்றாலே பயமாம்.

பிடித்துக்கொண்டுபோய் காட்டில் விடுவது தீர்வா?

குரங்குத் தொல்லை என்று புகார் வந்தால் கூண்டு வைத்துப் பிடித்து, தொலைவில் உள்ள காட்டில் விடுவது தமிழ்நாட்டின் பல ஊர்களில் நடக்கிறது. மலச் சோதனை மிகவும் பயன்படக்கூடிய இடம் இதுவாகத்தான் இருக்கும். பிடிபடுவது, கூண்டில் நெருக்கம், லாரிப் பயணம், கூட்டத்திலிருந்து பிரிவு, ஏற்கெனவே வேறு கூட்டம் இருக்கிற தெரியாத காடு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடி விழுகிறது. விட்ட இடத்தில் ஒரு வாரத்தில் ஹார்மோன் இறங்குகிறதா, மூன்று மாதம் ஆகியும் இறங்கவில்லையா என்று பார்த்தால் அந்த இடமாற்றம் எப்படிப் போனது என்று எண்ணிலேயே தெரிந்துவிடும். செலவும் பெரிதில்லை. கூண்டுக்கும் லாரிக்கும் ஆகிற செலவோடு ஒப்பிட்டால் சில டியூப்களும் ஒரு ஐஸ் பெட்டியும் பெரிய விஷயமா என்ன?

லேப் இல்லாமல் எதைக் கவனிக்கலாம்?

ஹார்மோன் அளவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மொராக்கோ ஆய்வில் எண்ணிய அடையாளத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பூச்சி கடிக்காமலே குரங்கு கை, தொடை, விலா என்று வேகவேகமாகச் சொறிந்துகொண்டால் அது பதற்றத்தில் இருக்கிறது. இன்னொன்று கொட்டாவி. பெரிய கடுவன் உங்களைப் பார்த்தபடி கோரைப் பல் முழுக்கத் தெரிய வாயைத் திறந்தால், பலரும் "தூக்கம் வருது போல" என்று போனை இன்னும் பக்கத்தில் கொண்டுபோவார்கள். அது தூக்கம் இல்லை, எச்சரிக்கை. பல்லைக் காட்டிச் சிரிக்காமல், கண்ணுக்கு நேராக முறைக்காமல், நாலு அடி பின்னால் போய்விடுங்கள்.